முகம் வரையாத படகு

அலை அடிக்கிற வரைக்கும் கரை இருக்கும், கரை இருக்கிற வரைக்கும் அதில் நின்று கண்ணுக்கு மேலே கையைக் குவித்துப் பார்க்கிற ஒருத்தி இருப்பாள் என்று குருசடித்துறையில் சொல்வார்கள். அந்தத் துறையில் பெர்பெத்து என்றொரு பெண் இருந்தாள். கோயிலை ஒட்டிய பாலர் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வாள், சொன்ன கதையை வீட்டில் உட்கார்ந்து படமாக வரைவாள், வரைந்ததை டவுனில் ஒரு சின்ன அச்சகத்தில் கொடுத்துப் புத்தகமாக்கிக் கொண்டுவருவாள். திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் மிட்டாய்க்கு நிற்கிற பிள்ளைகளைவிட அவள் புத்தகத்துக்கு நிற்கிற பிள்ளைகள்தான் அதிகம்.

அவளிடம் ஒரு வழக்கம் உண்டு. மரத்தை முழுதாக வரைவாள், நண்டை அதன் மயிர்க்கால் வரைக்கும் வரைவாள், பிள்ளைகளின் கன்னத்துக் குழியைக்கூட விடமாட்டாள்; பெரியவர்களுக்கு மட்டும் முகம் வரையமாட்டாள். முதல் புத்தகத்தில் வரைந்திருந்தாள். அதில் வலை இழுக்கிற அப்பாவைப் பார்த்துவிட்டு ஒரு பிள்ளை, இது எங்க அப்பா இல்ல, யாரோ, என்று ஏங்கி ஏங்கி அழுதது. அன்றிலிருந்து பெரியவர்கள் எல்லோரும் கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளை வட்டம். புத்தகத்தோடு மெழுகுக் கலர் குச்சிகள் கொஞ்சம் நூலில் கட்டியிருக்கும். பின் அட்டையில், முகம் உங்களுடையது, பெரியவர்கள் தொட வேண்டாம், என்று எழுதியிருக்கும்.

அவள் புருஷன் பெயர் கஸ்பார். கார்த்திகைப் புயலில் போன படகில் அவனும் போனான். ஏழு பேர் போனார்கள். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. அப்போது அவர்கள் மகள் அவிலா தவழக்கூட ஆரம்பிக்கவில்லை, தொட்டிலில் கிடந்து விட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். மற்ற வீடுகளில் பூசை வைத்தார்கள், கறுப்புச் சேலை கட்டினார்கள். பெர்பெத்து மட்டும் செபமாலையை உருட்டிக்கொண்டு, ஆண்டவரே அவரைக் கொண்டுவந்து சேரும், கொண்டுவந்து சேரும், என்று காலையும் மாலையும் கேட்டாள். எப்படிக் கொண்டுவர வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தோன்றவுமில்லை.

அவளால் ஒரு படகை வரைய முடிந்தது மூன்றாவது வருடத்தில்தான். முதல் பக்கத்தில் வானமும் கடலும், அவை சேருகிற இடத்தில் அரிசி மணி அளவில் ஒரு படகு. நடுப் பக்கங்களில் நிலா, கடல்காக்கை, பறவைக் கோலா, தண்ணீருக்கடியில் தூங்கும் ஆமை. கடைசிப் பக்கத்தில் மணல், மணலில் முதுகு காட்டி நிற்கும் பெண்களும் பிள்ளைகளும். கீழே ஒரே வரி: படகு கரைக்கு வந்து சேர்ந்தது. ஏழு வீட்டுப் பிள்ளைகளும் தூங்கும் முன்பு கேட்க ஒரு வரி வேண்டும் என்றுதான் அதை எழுதினாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்த ஒரு பிள்ளை, டீச்சர், படகு முதல் பக்கத்தில் இல்லை, என்று சொன்னது. வாங்கிப் பார்த்தாள். இல்லைதான். வானமும் கடலும் அப்படியே இருந்தன, படகு இருந்த இடத்தில் வெறும் நீலம். படகு இரண்டாம் பக்கத்தில், நிலாவுக்குக் கீழே, புளியங்கொட்டை அளவில் வந்துகொண்டிருந்தது. அவிலாவின் புத்தகத்தை எடுத்தாள். அதிலும் அப்படியே. விற்காமல் மூட்டையில் கிடந்த பிரதிகளிலும் அப்படியே. அச்சகத்துக்குப் போன் போட்டாள். அச்சகக்காரர், எங்க மெஷின் மை அடிக்கும்மா, படகு ஓட்டாது, என்று சொல்லி வைத்துவிட்டார்.

ஊர் பெரிதாக அதிர்ந்துவிடவில்லை. கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குத் தண்ணீரிலிருந்து எது வந்தாலும் கொஞ்ச நேரத்தில் பழகிவிடும். திமிங்கலம் வந்திருக்கிறது, யாருடையதோ மரப்பெட்டி வந்திருக்கிறது, ஒரு தடவை தலையில்லாத மாதா சுரூபம் வந்து அதற்குக் குருசடியே கட்டியிருக்கிறார்கள். காலையில் மீன் வாங்கப் போகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி, சாப்பிட்டாச்சா, என்று கேட்கிற மாதிரி, எந்தப் பக்கத்துல வருது, என்று கேட்டுக்கொண்டார்கள். மூணாம் பக்கம், கோலா மீனைத் தாண்டிட்டு, என்று பதில் வரும். டீக்கடைக்காரர் ஒரு பிரதியைச் சுவரில் ஆணி அடித்து மாட்டி, அன்றைய பக்கத்தைத் திறந்து வைத்தார். ஏழு வீடுகளிலும் மெத்தையை வெயிலில் போட்டார்கள். பரணில் கிடந்த ஆண்களின் சாரங்களை எடுத்துத் துவைத்தார்கள், பூச்சி அரித்த இடத்தைத் தைத்தார்கள். மாதம் ஒரு தடவை ஏழு பேர் ஆன்மாவுக்காகச் சொல்லிவந்த பூசையை என்ன செய்வது என்று சாமியாரிடம் கேட்டார்கள். அவர் இளைஞர், ஊருக்குப் புதியவர். யோசித்துவிட்டு, பயணிகளுக்கான செபம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்கிறேன், என்றார்.

நான்காம் பக்கத்துக்கு வந்தபோது படகு உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்துவிட்டது. ஏழு பேரும் தெரிந்தார்கள். பெர்பெத்து முதலில் வரைந்தது ஒரு அரிசி மணியைத்தான், அதற்குள் ஆட்களை வரையவே இல்லை. ஆனாலும் அவள் கைக்கே உரிய கோடு அது, அவள் கைக்கே உரிய நீர்க்கலர். சட்டையின் கட்டம், சாரத்தின் மடிப்பு, முழங்கையில் ஒட்டிய செதில் எல்லாம் இருந்தன. கழுத்துக்கு மேலே ஏழு வெள்ளை வட்டங்கள்.

ஊர்க் கமிட்டி கூடியது. கமிட்டித் தலைவர் லெயோன் பர்னாந்து அந்தப் படகின் சொந்தக்காரர், யார் எங்கே உட்காருவார்கள் என்பது அவருக்குத் தெரியும். சுக்கான் பக்கத்தில் நிற்பது இன்னார், எஞ்சினுக்கு மேல் குனிந்திருப்பது ஞானப்பூ புருஷன் சூசை, நங்கூரக் கயிற்றைச் சுருட்டி வைத்திருக்கிறது கஸ்பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒவ்வொரு வட்டத்தையும் ஒவ்வொரு வீட்டுக்கு ஒதுக்கினார். அந்த வீட்டுப் பிள்ளைதான் அந்த முகத்தை வரைய வேண்டும். ஒரு புத்தகத்தில் வரைந்தால் விடிவதற்குள் ஊரில் இருக்கிற எல்லாப் புத்தகங்களிலும் அந்த முகம் வந்துவிடுவதை இதற்குள் கண்டுபிடித்திருந்தார்கள். பெரியவர்கள் வரைந்தால் கலர் பொருக்கு விட்டு உதிர்ந்துவிடும் என்பதையும் கண்டுபிடித்திருந்தார்கள். போட்டோவைப் பார்த்து வரைந்தால் பிள்ளை வரைந்தாலும் நிற்காது. பார்த்து வரைந்தது வெளுத்துப் போகும், நினைத்து வரைந்தது நிற்கும். அவ்வளவுதான் விதி.

பிள்ளைகள் நினைத்து நினைத்து வரைந்தார்கள். சுக்கான்காரருக்கு முகத்தைவிடப் பெரிய மீசை வந்தது. ஒருவருக்கு ஒரு கண் சின்னது, ஒரு கண் காதுவரை நீண்டது. ஒருவருக்குப் பல் மட்டும் பச்சை, ஏனென்றால் அந்த நேரத்தில் வெள்ளைக் குச்சி கிடைக்கவில்லை. தாய்மார்கள் அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, அப்படியே அவிய ஜாடை, என்று அழுதார்கள்.

பெர்பெத்து டீக்கடைச் சுவரில் மாட்டியிருந்த புத்தகத்தின் முன்னால் நின்றாள். உடம்பு தன் கையால் வந்தது, முகம் பிள்ளைகள் கையால் வந்தது. இரண்டும் சேருகிற கழுத்தில் ஒரு தையல் மாதிரி இருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, நீண்ட கண் உள்ளவர் தலையை மெல்லத் திருப்பிப் பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தார். கரை எவ்வளவு தூரம் என்று பார்க்கிற பார்வை. பெர்பெத்து ஓரடி பின்னால் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்ற சுக்கான்காரர் மனைவியிடம், இப்படியேவா அக்கா வருவாவ, என்று கேட்டாள். அந்த அக்கா அவளை ஒரு மாதிரி பார்த்தாள். உப்புத்தண்ணியில மூணு வருசம் கிடந்தா யாருக்குத்தான் முகம் கோணாது, வந்தாப் போதும், என்றாள். ஊர் முழுக்க அதே பதில்தான். வந்தாப் போதும்.

ஒரு மத்தியானம் ஞானப்பூ வந்தாள். மூத்தவன் ஜெனோவைப் படலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அவள் சதை பிடித்திருந்தாள், புருவத்து வெட்டு மங்கியிருந்தது, கருவாட்டுக் கம்பெனியில் வேலைக்குப் போய்த் தலையில் பூ வைக்கப் பழகியிருந்தாள். சூசை கை நீட்டுகிறவன் என்பது ஊருக்கே தெரியும். புயல் செய்தி வந்த அன்று அவள் அழாமல் உட்கார்ந்திருந்ததும் ஊருக்குத் தெரியும்.

"மைனி, நீ வரைஞ்ச படகுதானே" என்றாள் ஞானப்பூ. "நீயே திருப்பி அனுப்பு."

"எப்படி அனுப்ப?"

"ஒரு பாறையை வரை. ஒரு சுழியை வரை. உன் கை வரைஞ்சா நிக்கும். உன் புத்தகம்லா."

பெர்பெத்துவும் அதை நினைக்காமல் இல்லை. பிரஷைத் தண்ணீரில் தொட்டுக் கரும்பச்சையைக் குழைத்து ஐந்தாம் பக்கத்தின் மேல் பிடித்துக்கொண்டிருந்த காலைகள் உண்டு. நுனியிலிருந்து ஒரு சொட்டு விழுந்திருந்தால் போதும். ஆனால் அந்தப் படகில் நங்கூரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு கட்டம்போட்ட சட்டையில் ஒருவன் நிற்கிறான். அவன் வலது தோளைக் கொஞ்சம் தூக்கி நிற்கிற விதம் வேறு யாருக்கும் கிடையாது.

"ஒரே படகு, ஞானப்பூ" என்றாள். "உன்னவரை மட்டும் இறக்கிவிட எனக்குத் தெரியாது."

ஞானப்பூ அவளை வையவில்லை. சரி மைனி, உனக்கு உன் ஆள் வேணும், எனக்கென்ன தெரியாதா, என்று சொல்லிச் சேலையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். வெளியே போகும்போது ஜெனோவின் தலையில் கையை வைத்து, போய் வரை மக்கா, அப்பா பசியோட வருவாரு, என்றாள். அன்று சாயங்காலம் எஞ்சின்மேல் குனிந்திருந்த உருவத்துக்கு முகம் வந்தது. கண் இருந்தது, மூக்கு இருந்தது, காது இரண்டும் அழகாக இருந்தன. வாய் இல்லை. ஏன் வாய் போடவில்லை என்று வாத்தியார் கேட்டதற்கு ஜெனோ, வாய் திறந்தா அடுத்தது கைதான் வரும் சார், என்று சொன்னானாம். ஊர் அதையும் பழகிக்கொண்டது.

ஆறு முகங்கள் வந்துவிட்டன. கஸ்பாருக்கு மட்டும் வெள்ளை வட்டம். லெயோன் பர்னாந்து இரண்டு தடவை வந்து பக்குவமாகச் சொல்லிவிட்டுப் போனார்: ஒரு ஆள் முகமில்லாம இறங்குனா நல்லாயிருக்காதும்மா, சின்னப் பிள்ளைக பயப்படும்.

அவிலாவுக்கு அப்பாவைத் தெரியாது. தெரியாததை எப்படி நினைப்பாள்? எனவே பெர்பெத்து தனக்குத் தெரிந்த ஒரே வேலையைச் செய்தாள். அந்த முகத்தைக் கதையாகச் சொன்னாள். சோறு ஊட்டும்போது சொன்னாள், தலை வாரும்போது சொன்னாள். ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு, அவர் மூக்கு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும், ஏன்னா சின்ன வயசில பந்து பட்டது. இடது புருவத்துக்குள்ள ஒரு மச்சம் ஒளிஞ்சு விளையாடும். சிரிச்சா முதல்ல கண்ணு மூடும், அப்புறம்தான் வாய் திறக்கும். அவிலா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்பாள். உதடு அசைகிறதைப் பார்ப்பாள், பேச்சு நடுவில் தாயின் கண்ணிலிருந்து வழிகிறதைப் பார்ப்பாள். முடிந்ததும், அப்புறம்? என்பாள். அப்புறம் என்ன, மறுபடியும் மூக்கிலிருந்து. நாள் போகப் போகப் பெர்பெத்துவுக்கே சந்தேகம் வந்தது. மச்சம் இடது புருவத்திலா வலதிலா? சொல்லச் சொல்ல அந்த முகம் கதையாகிக்கொண்டே போனது. கண்ணை மூடினால் முன்பு தானாக வந்தது, இப்போது வார்த்தையைச் சொன்னால்தான் வந்தது.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தின பாடுகளின் ஞாயிறு நெருங்கியது. அந்த நாட்களில் கோயிலில் இருக்கிற சுரூபங்களை எல்லாம் ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். மாதாவும் சூசையப்பரும் துணிக்குள் ஆள்வடிவமாக நிற்பார்கள். சாமியாருக்கு அந்தப் புத்தகங்கள் திறந்து கிடப்பது பொறுக்கவில்லை. என்ன செய்வது என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், இதுவும் மூடியிருக்க வேண்டிய காலம், எல்லோரும் கொண்டுவந்து கொடுங்கள், என்று பிரசங்கத்தில் சொன்னார். ஜனங்கள் கீழ்ப்படிந்தார்கள். டீக்கடைப் புத்தகம்கூட ஆணியிலிருந்து இறங்கியது. எல்லாவற்றையும் பீடத்துக்குப் பக்கத்தில் அடுக்கி ஊதாத் துணி போட்டு மூடினார்கள்.

அப்படிப் புத்தகத்தைக் கொடுத்த அன்று காலையில் பெர்பெத்து குழம்புக்கு மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். அவிலா மூலையில் குப்புறப் படுத்து, நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு, வரைந்துகொண்டிருந்தாள். பெர்பெத்து கையைக் கழுவிவிட்டு வருவதற்குள் புத்தகத்தை மூடி இறுக அணைத்துக்கொண்டாள்.

"காட்டு மக்கா."

"மாட்டேன். அப்பா வந்த பிறகு பாரு."

"மூக்கு சாய்ச்சுப் போட்டியா? மச்சம் வச்சியா?"

அவிலா கொஞ்சம் யோசித்துவிட்டு, "நினைச்சுப் போட்டேன்" என்றாள்.

புத்தகத்தை அவிலாவே கொண்டுபோய்ச் சாமியார் கையில் கொடுத்தாள். துணிக்கு அடியில் போய்விட்டதைத் திறந்து பார்க்கப் பெர்பெத்துவுக்குத் தைரியம் வரவில்லை. மண்டியிட்டாள். அன்றுதான் முதல் தடவையாக அவள் செபத்தில் வேறு சொற்கள் வந்தன. ஆண்டவரே, நான் கேட்டதைச் சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. துணிக்குள்ளிருந்து தண்ணீர் பலகையில் மோதுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த பெண்கள் அதற்கு ஏற்ற மாதிரி செபமாலை மணியை உருட்டினார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை, உச்சி வெயிலில், படகு வந்தது.

அன்று கோயில் மணி அடிக்கக் கூடாது. பெரிய வியாழனன்று கட்டிப்போட்ட மணி, உயிர்ப்புப் பூசைக்குத்தான் அவிழும். அதனால் கோயில் உபதேசியார் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போனார், டக் டக் என்று, செத்த வீட்டுக்குப் போகிற மாதிரி. சனங்கள் மணலில் வந்து நின்றார்கள். எல்லோரும் கடலைப் பார்த்து நின்றபோது பின்னாலிருந்து பெர்பெத்து பார்த்தாள். அது அவள் வரைந்த கடைசிப் பக்கம். அதே சேலைகள், அதே முதுகுகள். நடுவில் இரண்டு பேர் நிற்கிற அளவுக்கு ஒரு இடைவெளி விட்டு வரைந்திருந்தாள், அது எதற்கென்று அப்போது அவளுக்கே தெரியாது. இப்போது அவிலா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த இடைவெளியில் நிறுத்தினாள்.

எஞ்சின் சத்தம் இல்லை. நீர்க்கலர் நீலத்தில் படகு வழுக்கி வந்து மணலில் முட்டியது. இறங்கினார்கள். வெயிலில் அவர்கள் முகத்து மெழுகு மினுமினுத்தது. மீசைக்காரர் மீசையைத் தூக்கிக்கொண்டு நடந்தார், நீண்ட கண் உள்ளவர் ஒரே நேரத்தில் மனைவியையும் கடலையும் பார்த்தார், பச்சைப் பல்காரர் சிரித்தார். யாரும் கத்தவில்லை. பெண்கள் கிட்டே போய்க் கையைத் தொட்டுப் பார்த்தார்கள், கை உள்ளபடியே கைதான், காய்ப்பு இருந்தது. பிள்ளைகள் தாங்கள் வரைந்த முகத்தைப் பெருமையோடு அண்ணாந்து பார்த்தன. வந்தவர்கள் ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுக்கு வழி கேட்காமல் நடந்தார்கள்.

சூசை ஞானப்பூ வீட்டுக்குள் போய் எப்போதும் உட்காருகிற இடத்தில் உட்கார்ந்தான். அவள் சோறு போட்டாள், மீன் வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தட்டைப் பார்த்துவிட்டு ஜெனோவைப் பார்த்தான். கையைத் தூக்கவில்லை. இன்னும் தூக்கவில்லை, என்று வாசலில் நின்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

கட்டம்போட்ட சட்டைக்காரன்தான் கடைசியாக இறங்கினான். முகத்தைக் கரைக்குக் காட்டாமல், சுருட்டிய கயிற்றைத் தோளில் போட்டு அதற்குள் தலையைக் குனிந்துகொண்டு, ஈர மணலில் அடி வைத்து வந்தான். அந்த நடை கஸ்பாரின் நடை. வலது தோள் கொஞ்சம் தூக்கல். பெர்பெத்து அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவனுக்கு முன்னால் வீட்டுக்கு ஓடினாள், அடுப்பை மூட்டினாள், தட்டைக் கழுவினாள், கழுவிய தட்டை மறுபடியும் கழுவினாள். படல் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பினாள்.

வாசலில் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு அவன் நிமிர்ந்தான்.

மூக்கு சாயவில்லை. மச்சம் இல்லை. பழுப்பு மெழுகில் போட்ட வட்ட முகம், நடுவகிடு எடுத்து வாரிய தலை, நெற்றியில் சின்னச் சிலுவைப் பொட்டு. கண்களுக்குக் கீழே, தாடை வரைக்கும், இரண்டு நீலக் கோடுகள். வாய் பெரிய வட்டமாகத் திறந்திருந்தது, எப்போதும் எதையோ சொல்லிக்கொண்டே இருக்கிறவளின் வாய் மாதிரி. கண்ணாடிக்கு முன்னால் நிற்கிறோம் என்றுதான் பெர்பெத்து முதலில் நினைத்தாள். கையைத் தூக்கித் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். வாசலில் நின்றவன் கை அசையவில்லை.

அவிலா தாயின் சேலையை விட்டுவிட்டு முன்னால் போனாள்.

"எனக்கு அந்த ஒரு முகந்தானே தெரியும்" என்றாள், யாரும் கேட்காமலேயே.

அவன் உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தான். பிள்ளை ஏறி அவன் மடியில் உட்கார்ந்து, அந்தத் திறந்த வாயையே அண்ணாந்து பார்த்தது. அப்போது அந்த வாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. பெர்பெத்துவின் குரல்தான், சளி பிடித்தால் கொஞ்சம் கம்முகிற அதே குரல். "ஒரு ஊர்ல ஒரு அப்பா இருந்தாரு" என்று அது ஆரம்பித்தது. "அவர் மூக்கு வலப்பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும்."

பெர்பெத்து கழுவிய தட்டோடு அடுப்படியில் நின்றாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தெருவில் மரக்கட்டை இன்னும் டக் டக் என்று போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம்?" என்றாள் அவிலா, அவனைப் பார்த்து.